மூன்று மலை, மூன்று நாள்… ராத்திரி எங்கே தங்குவது?

மதியம் இரண்டரை மணி. ராஜகிரி அடிவாரத்தில் ஒரு வேன் வந்து நிற்கிறது. விடியற்காலையில் சென்னையில் கிளம்பி, திண்டிவனத்தில் டிபன், மேல்மலையனூரில் தரிசனம், செஞ்சியில் சாப்பாடு எல்லாம் முடித்துவிட்டுக் கோட்டைக்கு வந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அரை லிட்டர் பாட்டில். ஒருவர் காலில் ரப்பர் செருப்பு. ஒரு சிறுமியின் கையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டை மதில்மேல் உட்கார்ந்திருக்கும் குரங்கு ஏற்கெனவே பார்த்துவிட்டது.

“மேல விடமாட்டோம் சார், நேரம் ஆயிடுச்சு. கீழ கல்யாண மகால் பாத்துட்டுப் போங்க” என்கிறார் காவலர். கொஞ்ச நேரம் வாக்குவாதம். அப்புறம் கல்யாண மகால் முன்னால் நாலு போட்டோ. சிப்ஸ் குரங்குக்குப் போய்ச் சேருகிறது. மூன்றரைக்கு வேன் கிளம்பிவிடுகிறது. செஞ்சி பார்த்தாயிற்று!

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, ‘மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மிச்சமிருக்கும் ஒன்று நம் செஞ்சி. அன்றிலிருந்து இந்த ஊரைப் பற்றிப் பேசாத சுற்றுலாக் குழு கிடையாது. அதில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஐரோப்பாவில் செய்வதுபோல ஒரு மலைக்குடிலில் தூங்கி, காலையில் நடந்து, அடுத்த குடிலில் போய்ப் படுக்கும் பல நாள் நடையை செஞ்சியில் செய்ய முடியுமா?

குடில் வேண்டுமென்றால் முடியாது. நடை மட்டும் போதுமென்றால் தாராளமாக முடியும். ஆனால் அதற்கான திட்டத்தை மலை உச்சியிலிருந்து போடக் கூடாது, படுக்கையிலிருந்து போட வேண்டும்.

அவர்கள் குடில், நம் சத்திரம்

சுவிட்சர்லாந்தின் ஆல்பைன் சங்கம் 1863-ல் தொடங்கியது. முதல் குடிலையும் அதே ஆண்டில் கட்டிவிட்டது. இன்று ஆல்ப்ஸ் முழுக்கக் குடில்கள். மோன் பிளாங் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் வழியே சுமார் 170 கி.மீ. நடப்பவர்கள் கூடாரம் சுமக்க வேண்டியதில்லை; மாலையில் சூப்பும் கட்டிலும் காத்திருக்கும். நியூசிலாந்தின் மில்ஃபோர்டு பாதை 53.5 கி.மீ., நான்கு நாள், மூன்று குடில். முன்பதிவு இல்லாமல் சீசனில் உள்ளே கால் வைக்க முடியாது. நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது மேற்கு வங்கத்தின் சந்தக்ஃபூ. தும்லிங், காலிபொக்ரி என்று தங்கித் தங்கி 3,636 மீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேரலாம்.

தமிழ்நாட்டில்? நீலகிரியின் முக்குர்த்தியில் பங்கித்தப்பல், மேற்கு நீர்ப்பிடிப்புப் பகுதி போன்ற இடங்களில் பழைய வனத்துறை விடுதிகளும் மீன்பிடிக் குடிலும் உண்டு. தேசியப் பூங்கா என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே போக முடியாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 மலைப்பாதைகளை இணையவழி முன்பதிவுக்குக் கொண்டுவந்தது. பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக்கியது அதன் நல்ல அம்சம். ஆனால் அவை காலையில் ஏறி மாலைக்குள் இறங்கும் பாதைகள். அந்தப் பட்டியலில் செஞ்சி இல்லை.

உண்மையில் தங்கித் தங்கி நடப்பது நமக்கொன்றும் புதிதில்லை. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழநிக்குக் காவடியோடு போகும் நகரத்தார் இன்றும் அப்படித்தான் போகிறார்கள். எந்த ஊரில் மதியச் சாப்பாடு, எந்த ஊரில் ராத்தங்கல் என்பது தலைமுறை தலைமுறையாக முடிவான விஷயம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் சாலையில் சத்திரங்களை வரிசையாகக் கட்டியதும் இதே கணக்கில்தான். ஒரு நாள் நடைக்கு ஒரு கூரை, ஒரு கிணறு, ஒரு வேளைச் சோறு. ஆல்ப்ஸ் குடிலும் வேறொன்றும் தருவதில்லை.

கோட்டைக்குள் ஒரு செங்கல்லும் வைக்க முடியாது

‘ராஜகிரி உச்சியில் நாலு குடில் போட்டால் என்ன?’ என்று கேட்பவர்களுக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது. செஞ்சிக் கோட்டை 1921 முதல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னம். 2010-ல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் எதையும் கட்ட வேண்டும். இங்கே எல்லை என்பது ஒரு கோயிலைச் சுற்றிய நான்கு சுவர் இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் இணைத்துச் சுமார் 13 கி.மீ. ஓடும் மதில். இதில் யுனெஸ்கோவின் கண்காணிப்பும் சேர்ந்திருக்கிறது.

தடை இருப்பது நல்லதுதான் என்பேன். பட்டியலில் செஞ்சியின் உடன்பிறப்பான ராஜ்கட் கோட்டையைப் பாருங்கள். மழைக்காலம் வந்தால் புனே, மும்பை இளைஞர்கள் அங்கே குவிவார்கள். ராஜ்கட்டில் ஏறி, பத்மாவதி கோயிலில் ராத்திரி படுத்து, மறுநாள் மலைமுகட்டு வழியாகத் தோரணா கோட்டைக்கு நடப்பது மராட்டிய மலையேறிகளுக்கு நெடுநாள் பழக்கமாக இருந்தது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கோட்டையில் நூறு பேர் ராத்தங்கினால் அடுப்புக் கரி, கழிவு, பிளாஸ்டிக் எல்லாம் எங்கே போகும்? பாறையில் குழிகூடத் தோண்ட முடியாது. அங்கே காலப்போக்கில் அடிவாரக் கிராமத்து வீடுகளே விருந்தினர் வீடுகளாகிவிட்டன. பாக்ரியும் பிட்லாவும் தட்டில், பாய் திண்ணையில். செஞ்சி பார்த்துக் கற்க வேண்டியது கோயில் படுக்கையை அல்ல, இந்தத் திண்ணையை.

┃ பெட்டிச் செய்தி: செஞ்சி, சட்டென்று
┃ • ராஜகிரி: தரையிலிருந்து சுமார் 800 அடி. உச்சிக்குச் சற்று முன் ஒரு பிளவு. அகலம் சுமார் 24 அடி, ஆழம் 60 அடி. இப்போது கடக்கப் பாலம் உண்டு. அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் எதிரிக்கு வழி முடிந்தது.
┃ • கிருஷ்ணகிரி: ‘ராணிக் கோட்டை’. திருவண்ணாமலை சாலைக்கு அந்தப் பக்கம். எண்ணெய்க்கும் நெய்க்கும் தனித்தனியாகக் கல்தொட்டிக் கிணறுகள், அழகான தர்பார் மண்டபம்.
┃ • சந்திரகிரி: ஒழுங்கான படி கிடையாது, முள்ளும் சரிந்த கல்லும். தனியாகப் போகும் இடமல்ல.
┃ • ஆண்டவர்கள்: கோனார்கள், விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள், பீஜப்பூர், 1677-ல் சிவாஜி, 1698-ல் மொகலாயர், 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர்.

உள்ளேயே தங்கியவர்கள்

செஞ்சியில் பல நாள் தங்குவதைத் திட்டமிட்டவர்களில் முதல் இடம் ராஜாராமுக்கு. சிவாஜியின் இளைய மகன். மொகலாயர் துரத்த, 1689-ல் தெற்கே ஓடிவந்து இங்கே புகுந்தார். 1690-ல் மொகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் வந்து முற்றுகையிட்டார். முற்றுகை முடிய 1698 ஆகிவிட்டது. நடுவில் வெளியே இருந்த மொகலாயப் படைக்கே தானியம் வரும் வழி அடைபட்டு, ஜுல்ஃபிகர் கான் 1693-ல் வந்தவாசிக்குப் பின்வாங்கிய கூத்தும் நடந்தது. கடைசியில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார்.

எட்டு ஆண்டு தாக்குப்பிடிக்க வைத்தது வீரம் மட்டுமல்ல. இன்று மலை ஏறுகிறவர் வழியெல்லாம் பார்ப்பது என்ன? சக்கரக்குளம், செட்டிக்குளம், ஆனைக்குளம், பாறை இடுக்கில் சுனை, பிரம்மாண்டமான நெற்களஞ்சியம். கல்யாண மகாலின் மாடிகளுக்கே மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். களஞ்சியத்துக்குள் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வளைந்த கூரை, சுவர் அத்தனை கனம். வெளியே அனல் அடிக்கும்போது உள்ளே குளிர்ந்து கிடக்கும். சோறும் தண்ணீரும் முதலில், வாள் அப்புறம் என்று கணக்குப் போட்டவர்கள் கட்டிய இடம் அது. நாம் அதே மலைக்கு அரை லிட்டர் பாட்டிலோடு வருகிறோம்!

இன்னொரு பக்கமும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் பத்தாண்டு செஞ்சியை வைத்திருந்தபோது சண்டையைவிடக் காய்ச்சல்தான் சிப்பாய்களை அதிகம் வாட்டியது. அசையாத குளத்தண்ணீரை அன்று போலவே இன்றும் குடிக்கக் கூடாது.

படுக்கையிலிருந்து பாதைக்கு

அப்படியானால் மூன்று நாளை எப்படிப் போடுவது? முதல் முடிவு, வாடகை அறையைச் செஞ்சி ஊருக்குள்ளேயே எடுப்பது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் திருவண்ணாமலை சாலையிலும் சாதாரண லாட்ஜுகள் இருக்கின்றன. சொகுசு எதிர்பார்க்காதீர்கள். திருவண்ணாமலையிலோ புதுச்சேரியிலோ அறை போட்டுவிட்டுக் காரில் வருபவர்கள் காலை நேரத்தைச் சாலையில் தொலைக்கிறார்கள். செஞ்சியில் காலை நேரம்தான் காசு.

முதல் நாள் கிருஷ்ணகிரி. இதுதான் சின்ன மலை. முழங்கால் எப்படி இருக்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். கதவு திறந்ததும் ஏறி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் இறங்கிவிடலாம். உச்சியில் தர்பார் மண்டபத்தின் வளைவுகளுக்குள் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அங்கிருந்து ராஜகிரியை எதிரே முழுசாகப் பார்க்கலாம். நாளைக்கு ஏறப்போகும் வழியை இன்றே கண்ணால் ஏறிப் பார்ப்பது மலையேறிகளின் பழைய பழக்கம். சாப்பாடு, தூக்கம். மாலையில் சாலைக்கு இந்தப் பக்கம் தரைக்கோட்டை: வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி, கல்யாண மகால். வேங்கடரமணர் கோயிலின் பல தூண்கள் புதுச்சேரிக்குப் போய்விட்டதாகச் சொல்வார்கள். மிச்சமே ஒரு மாலைக்குப் போதும்.

இரண்டாம் நாள் ராஜகிரி மட்டும். வேறெதையும் சேர்க்காதீர்கள். படிகள் ஒரே அளவில் இல்லை. சில இடங்களில் முழங்கால் உயரம். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். அங்கே ஒரு நீண்ட ஓய்வு. வாசல் மேல் வாசலாகத் தாண்டி, பிளவின்மேல் பாலத்தைக் கடந்தால் உச்சி. ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, பீரங்கி. தேசிங்கு ராஜன் கதையைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இங்கே நின்று பார்க்கும் வெட்டவெளி வேறு மாதிரி இருக்கும். 1714-ல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சின்னக் கூட்டத்தோடு எதிர்த்து அந்த இளைஞன் செத்தது கீழே தெரியும் அந்தச் சமவெளியில்தான். இறங்கும்போதுதான் கணுக்கால் பிசகும். ஏறுவதைவிட இறங்குவதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடித்தது. கோட்டைச் சீட்டு வேண்டாம், கதவு திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஆறு மணிக்கு ஊரிலிருந்து வடக்கே நடந்தால் சிறுகடம்பூர் அருகே திருநாதர்குன்று. ஒரு பெரிய பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு இங்கேதான் இருக்கிறது. அதே பக்கம் இன்னும் கொஞ்ச தூரத்தில் சிங்கவரம். பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்ட ரங்கநாதர். செஞ்சியை ஆண்டவர்களுக்கு வேண்டிய தெய்வம். மதியத்துக்குள் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சீக்கிரம் போங்கள்.

நாலாவது நாளும் கையில் இருந்தால் மூன்று திசை இருக்கிறது. கிழக்கே சமண மடம் இருக்கும் மேல்சித்தாமூர். தெற்கே விழுப்புரம் சாலையில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கட்டியதாக மகேந்திரவர்மன் கல்வெட்டில் பெருமை பேசும் மண்டகப்பட்டு. வடக்கே மேல்மலையனூர். கால் பலமாக இருப்பவர்களுக்குத் திருவண்ணாமலை நடைப்பயணம் இருக்கவே இருக்கிறது. சுமார் 40 கி.மீ., இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளலாம். தார்ச்சாலை ஓர நடை என்பதால் விடியலிலும் சாயங்காலத்திலும் மட்டும்.

┃ பெட்டிச் செய்தி: பை கட்டுமுன்
┃ • ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மலைமேல் கடை இல்லை. உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி இரண்டு பாக்கெட்.
┃ • பிடிப்புள்ள ஷூ, தொப்பி, ஒரு துண்டு.
┃ • தின்பண்டம் பைக்கு உள்ளே, ஜிப் போட்டு. பிளாஸ்டிக் கவரைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கும். பிடுங்கினால் இழுக்காதீர்கள், விட்டுவிடுங்கள்.
┃ • வேர்க்கடலையை இந்தப் பக்கம் ‘மல்லாட்டை’ என்பார்கள். அவித்தது ஒரு பொட்டலம் இருந்தால் மதியம்வரை தாங்கும்.
┃ • ஏறும் முன் கீழே ஒருவரிடம் எத்தனை பேர், எப்போது இறங்குவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

வெயில், மழை, நெருப்பு

மலையேற்றம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டிய நாள் 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேறிகளில் 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல், அறியாத பாதை, உச்சி வெயில். அதற்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம். செஞ்சிக்கு மேற்கே பக்கமலைக் காப்புக்காடு இருக்கிறது. ‘குறுக்கு வழி எனக்குத் தெரியும்’ என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள்.

செஞ்சி மலைகளில் காடு குறைவு, பாறை அதிகம். இங்கே எதிரி வேறு. உருண்டு திரண்ட கருங்கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் மலை இது. காலை பத்து மணிக்கே பாறை சூடேற ஆரம்பித்து, மாலை வெகுநேரம்வரை அனலைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் நிழலில் தெரியும் வெப்பநிலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. படியில் நிழலே இல்லை. வியர்வை நின்று, தலை கனத்து, பேச்சு குழறினால் அது களைப்பு இல்லை, வெப்பவாதம். ஈரத்துணி போட்டு நிழலில் கிடத்தி உடனே உதவிக்குக் கூப்பிட வேண்டும். மார்கழி, தை, மாசிதான் செஞ்சி நடைக்கு ஏற்ற மாதங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வேறு பயம். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, செஞ்சிக்கு அருகிலேயே இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் வீட்டின்மேல் விழுந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு தீபத்துக்கு மலை ஏற பக்தர்களுக்கு அனுமதியே தரவில்லை. செஞ்சியும் அதே மாதிரிப் பாறைக் குவியல்தான். பெருமழை நின்ற மறுநாள் வானம் தெளிந்து குளுகுளுவென்று இருக்கும், அன்றைக்கு ஏறாதீர்கள். கல் அசைந்து உட்கார இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும்.

ஒன்பது மணிக் கதவு

செஞ்சிக் கோட்டையின் கதவு காலை ஒன்பதுக்குத் திறக்கிறது, மாலை ஐந்துக்கு மூடுகிறது. ராஜகிரி ஏறும் வழியைப் பிற்பகலிலேயே அடைத்துவிடுகிறார்கள். இறங்குவதற்குள் இருட்டிவிடும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு சரி. ஆனால் திறக்கும் நேரம்? ஏற்றத்துக்கு ஏற்ற மூன்று மணி நேரம், விடியலிலிருந்து ஒன்பதுவரை, கதவு சாத்தியே கிடக்கிறது. வெயில் ஏற ஏற ஆட்களை ஏறச் சொல்கிறோம். வெள்ளியங்கிரியிலும் பர்வதமலையிலும் மக்கள் ராத்திரியில் ஏறுவது வெறும் பக்திக்காக மட்டுமல்ல, வெயிலுக்குத் தப்பித்தான்.

உலகப் பாரம்பரியச் சின்னம் என்று ஆன பிறகு அரசு செலவழிக்கப் போகும் கோடிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கோடைக்காலத்திலாவது ஆறு மணிக்குக் கதவைத் திறக்க எத்தனை கோடி வேண்டும்? இரண்டு காவலர்களுக்கு முன்கூட்டி ஷிஃப்ட், பாதி வழியில் ஒரு குடிநீர்த் தொட்டி, முதலுதவி தெரிந்த ஓர் ஆள். இதில் எதுவும் மதிலைத் தொடாது, யுனெஸ்கோவும் கோபிக்காது.

இப்போது வேனில் வந்து மூன்று மணி நேரத்தில் திரும்புகிறவர் இந்த ஊரில் விட்டுச்செல்வது ஒரு சாப்பாட்டுக் காசும் ஒரு பை குப்பையும். மூன்று ராத்திரி தங்குகிறவர் லாட்ஜுக்கும் இட்லிக் கடைக்கும் ஆட்டோவுக்கும் இளநீர்க்காரருக்கும் கொடுப்பார். இது நெல்லும் மல்லாட்டையும் விற்கும் சந்தை ஊர். அறுவடை முடிந்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை குவியும் மாதங்களும் நடைக்கு ஏற்ற குளிர் மாதங்களும் ஏறக்குறைய ஒன்றே. அந்த நாட்களில் கிராமத்து வீடுகளில் ஒரு அறையைச் சுத்தமாக்கி, கழிப்பறை சரிசெய்து, விருந்தினருக்குக் கொடுக்கப் பயிற்சியும் பதிவும் தந்தால், சிங்கவரத்திலும் மேல்சித்தாமூரிலும் ஒரு ராத்தங்கல் முளைக்கும். அப்போதுதான் ஊரிலிருந்து ஊருக்கு நடக்கும் உண்மையான பாதை உருவாகும். அதைச் செய்வதற்குள் முதலாளிகள் மதிலுக்கு 301-வது மீட்டரில் ரிசார்ட் கட்டிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அதுவரை போகிறவர்களுக்கு ஒரு சேதி. தேதி குறிக்கும் முன் நாட்காட்டியில் அமாவாசையையும் பௌர்ணமியையும் பாருங்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவம். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். இரண்டு கூட்டத்துக்கும் செஞ்சி பஸ் ஸ்டாண்டுதான் வழி. அந்த இரண்டு நாட்களில் அறை கிடைக்காது, பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் வரும் ஒரு செவ்வாய், புதன், வியாழனாகப் பாருங்கள். முதல் நாள் ராத்திரியே வந்து படுத்துவிடுங்கள்.